மனையின் பழைய பெயர் நன்செய்யா? வெள்ளம் வரும் பகுதியில் நிலம் வாங்குவோருக்கு ஒரு தொடக்க விளக்கம்

ஏப்ரல் மாத வெயிலில் பார்த்தால் எல்லா மனையும் நல்ல மனையாகத்தான் தெரியும். சென்னைப் புறநகரில் முடிச்சூருக்கு அப்பால், உறவினர் ஒருவருக்காக ஒரு மனையைப் பார்க்க நான் போனதும் அப்படி ஒரு நாளில்தான். முப்பதடிச் சாலை, நான்கு மூலையிலும் மஞ்சள் பெயின்ட் அடித்த கல், கிழக்குப் பார்த்த வாசல், ஓரத்தில் ஒரு வேப்ப மரம். "2015-லயே இங்க தண்ணி வரல சார்" என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே தரகர் சொல்லிவிட்டார். ஆனால் அதே தெருவில் 2015-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாசலில் இரண்டு படிகளும், அதற்குப் பின் கட்டிய வீடுகளுக்கு ஏழெட்டுப் படிகளும் இருந்தன. ஒரு வீட்டுக்காரர் தரைத்தளத்தைப் பூட்டிப் போட்டுவிட்டு மாடியில் குடியிருந்தார். படிகளை எண்ணியதில் பாதி விவரம் தெரிந்துவிட்டது. மீதியை வருவாய்த் துறையின் பதிவேடு சொன்னது. அந்த மீதியைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன். ஏனெனில் மனை வாங்குவோர் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்பதைத் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். அதே தாளில் தண்ணீரைப் பற்றியும் எழுதியிருப்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

நன்செய், புன்செய், நத்தம்

தாம்பரம், பெருங்களத்தூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், படப்பை என்று நீளும் இந்தப் பகுதி முழுவதும் ஏரிப் பாசன நாடு. இங்கே ஏரி என்பது பள்ளம் தோண்டி உண்டாக்கிய குளம் அன்று. மெல்லச் சரியும் நிலத்தின் குறுக்கே மண்கரை எழுப்பி, மேட்டிலிருந்து இறங்கிவரும் மழைநீரைத் தடுத்து நிறுத்திய இடம். கரையில் மதகு இருக்கும். மதகைத் திறந்தால் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, ஏற்றமோ மோட்டாரோ இல்லாமல், தானாகவே வயலுக்குப் போகும். அப்படித் தண்ணீர் தானாகப் போய்ச் சேர்ந்த நிலத்தையே வருவாய்த் துறை நன்செய் என்று எழுதியது. அந்தத் தண்ணீர் ஏறிப் பாயாத நிலம் புன்செய். ஊரார் வீடு கட்டிக் குடியிருந்த இடம் நத்தம். வயலுக்கு நடுவில் குடியிருக்க யாரும் விரும்பாததால், அது பெரும்பாலும் ஊரிலேயே சற்று மேடான இடமாக அமைந்தது. ஆக, வரி போடுவதற்காக எழுதப்பட்ட இந்த மூன்று சொற்களும் ஒரு வகையில் நிலமட்டத்தைக் குறிக்கும் சொற்களே.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கரையை உடைத்துவிடாமல் வெளியேற, கரையின் ஓரிடத்தில் தாழ்வாகக் கல்கட்டு அமைத்திருப்பார்கள். அதற்குக் கலங்கல் என்று பெயர். கலங்கலில் வழியும் நீர் போக்குக் கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. ஆதனூர் ஏரியில் தொடங்கி 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேரும் அடையாறு, வழிநெடுக இப்படிப்பட்ட ஏரிகளின் உபரிநீரைச் சேர்த்துக்கொண்டுதான் ஆறாகிறது. விவசாயம் நின்றுபோன பிறகு வாய்க்கால் தூர்ந்துபோகலாம், சரிவு தூர்ந்துபோவதில்லை. முன்பு மதகுத் தண்ணீர் வந்து சேர்ந்த இடத்துக்கு இப்போது மழைத் தண்ணீர் வந்து சேர்கிறது. அந்த வாய்க்காலின் மேல் தார்ச்சாலை இருந்தால், சாலையிலேயே ஓடி வரும்.

நன்செய் என்று எழுதியிருக்கும் மனையெல்லாம் மூழ்கும் என்பதில்லை. புன்செய் என்பதாலேயே பயமில்லை என்பதுமில்லை. ஏரிக்கு மேல்புறத்தில், தண்ணீர் முழு மட்டத்தில் நிற்கும்போது எட்டக்கூடிய இடத்திலும் பட்டா நிலங்கள் உண்டு. ஏரி நிறையாத ஆண்டுகளில் அங்கே நடமாடலாம், கிரிக்கெட் ஆடலாம், மனை போட்டு விற்கவும் செய்யலாம். அதனால் சொல்லைப் பார்த்ததும் முடிவெடுத்துவிடாமல், அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று காட்டும் குறிப்பாக அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பதிவேட்டில் எங்கே பார்ப்பது

மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு ஆகியவை தெரிந்தால், தமிழக அரசின் இணையவழிச் சேவையில் பட்டாவையும், கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம் என்று எழுதிவைத்திருக்கும் அ-பதிவேட்டின் விவரத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பட்டாவில் புன்செய், நன்செய், மற்றவை என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். மனையின் பரப்பு எந்தப் பத்தியின் கீழ் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அ-பதிவேடு இன்னும் ஒரு படி மேலே போய், பாசன ஆதாரம் எது என்பதற்கும் ஒரு பத்தி வைத்திருக்கிறது. அங்கே ஓர் ஏரியின் பெயர் இருந்தால், அந்த ஏரியின் தண்ணீர் உங்கள் மனைக்கு வரும் வழி ஒரு காலத்தில் இருந்தது என்று பொருள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது புலப்படம், அதாவது சர்வே எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் வரைபடம். இதில் பலரும் செய்யும் தவறு, தம் மனையின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வது. சுற்றிலும் ஒட்டியிருக்கும் சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு, அவை ஒவ்வொன்றையும் அ-பதிவேட்டில் தேடிப் பார்க்க வேண்டும். ஏரி, ஓடை, வாய்க்கால், குட்டை, தாங்கல் புறம்போக்கு என்று எங்கே வந்தாலும் அந்த இடத்துக்கு நேரில் போய் நின்று, அது இன்னும் அப்படியே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். நாங்கள் பார்த்த மனை நன்செய். பாசன ஆதாரத்தில் ஏரியின் பெயர் இருந்தது. ஒட்டிய எண் வாய்க்கால் புறம்போக்கு. புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாய்க்காலைத் தேடியபோது, நாங்கள் காரை நிறுத்தியிருந்த முப்பதடிச் சாலையின் ஒரு பகுதிதான் அது என்று தெரிந்தது.

நகர அளவைக்குள் வந்துவிட்ட, அதாவது நகரத்துக்கென்று மறுபடி அளந்து புது எண் கொடுத்த பகுதிகளில், அந்தப் புதிய எண் மட்டுமே கையில் கிடைக்கும். அதிலிருந்து இந்த விவரம் கிடைக்காது. பழைய கிராமச் சர்வே எண்ணை மூலப்பத்திரத்தில் தேடி எடுத்து, அதைக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களையும் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கலாம். கோடைக்காலப் படங்கள் அதிகம் உதவா. மழைக்காலம் முடிந்த உடனே, டிசம்பரிலோ ஜனவரியிலோ எடுத்த படம் கிடைத்தால் மனையின் மேல் தண்ணீர் மினுங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

தெருப்பெயர்களும் கொஞ்சம் பேசும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு உண்டு. பார்ப்பதற்கு ஏரி இல்லை. முகப்பேரில் ஏரித் திட்டம் என்பது வீட்டுவசதித் திட்டத்தின் பெயர். தாங்கல், ஏந்தல் என்று முடியும் ஊர்ப்பெயர்களும் நீர்நிலையைக் குறிப்பவையே. இவற்றை வைத்து மட்டும் ஒரு மனையைத் தள்ளிவிட முடியாது, ஆனால் பதிவேட்டைத் திறந்து பார்க்க இவை போதுமான காரணம்.

எந்தத் தண்ணீர்?

"வெள்ளம் வருமா?" என்ற கேள்வி மிகவும் பொதுவானது. எந்தத் தண்ணீர், எந்த வழியாக வந்து, எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டால்தான் பயனுள்ள பதில் கிடைக்கும்.

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில், மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதே சுமார் 140 சென்டிமீட்டர். ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையின் மேல் மட்டும் அந்த ஒரு நாளில் விழுந்தது ஏறத்தாழ 1,09,000 லிட்டர்; 12,000 லிட்டர் லாரிகளில் அளந்தால் ஒன்பது லாரித் தண்ணீர். அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. அதனால் வெள்ளம் என்றாலே செம்பரம்பாக்கம் என்று மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைக்கு அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்த இடத்துக்கு மேலே, ஆற்றின் தலைப்பக்கத்தில் உள்ளவை. அங்கே வீடுகளுக்குள் புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளிலிருந்து வந்த தண்ணீர். "செம்பரம்பாக்கம் திறந்தால்தானே பிரச்சினை" என்று முடிச்சூரில் ஒருவர் ஆறுதல் சொன்னால், அவருக்குத் தம் ஊருக்குள் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

வேளச்சேரியின் கதை வேறு. அங்கே தண்ணீர் பாய்ந்து வருவதைவிட, வடிய வழியில்லாமல் நிற்பதே பெரிய சிக்கல். சுற்றுவட்டாரத்து ஏரிகளின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். நிலம் கடல்மட்டத்துக்குச் சில மீட்டரே மேலே இருப்பதால், கடல் கொந்தளிக்கும் புயல் நாளில் இந்த வடிகால் மிகவும் மெதுவாகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மழை நின்ற பிறகும் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஆற்றங்கரையில் இரண்டு மணி நேரத்தில் ஆளுயரம் ஏறி, மறுநாள் இறங்கிவிடும் தண்ணீருக்கு எதிராக வீட்டைக் கட்டும் முறை வேறு. முழங்கால் அளவில் ஐந்து நாள் நின்று கழிவுநீருடன் கலக்கும் தண்ணீருக்கு எதிராகக் கட்டும் முறை வேறு. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் குடியிருப்போரை அதிகம் சோர்வடையச் செய்வது. அது ஆண்டுதோறும் வரும், செய்தியிலும் வராது.

"நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம், வந்துபோயிற்று, இனி நம் காலத்தில் வராது" என்றும் சொல்வார்கள். பொறியாளர்கள் அந்தச் சொல்லால் குறிப்பது, எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பதையே. வந்துபோனதால் அடுத்த ஆண்டின் வாய்ப்பு குறைவதில்லை. 20 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அது வருவதற்கான வாய்ப்பு சுமார் 18 சதவீதம். 30 ஆண்டு குடியிருந்தால் 26 சதவீதம். கொஞ்சம் சிறிய, இருபத்தைந்தாண்டு வெள்ளம் என்று சொல்லப்படுவது, அதே 20 ஆண்டுகளில் வருவதற்கான வாய்ப்பு 56 சதவீதம். அதாவது வரும் என்று வைத்துக்கொண்டு வீடு கட்டுவதே சரி.

நேரில் பார்ப்பது

தரகரிடம் கேட்பதைவிட, தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருப்பவரிடமும், இஸ்திரி போடுபவரிடமும், பால் ஊற்றுபவரிடமும் கேட்பது நல்லது. அவர்களுக்கு விற்பதற்கு மனை இல்லை. "தண்ணீர் வந்ததா?" என்று கேட்டால், தம் தெருவின் மதிப்பு குறையக் கூடாது என்று வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். "கரண்ட் எத்தனை நாள் இல்லை? வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டால் முழுக்கதையும் வந்துவிடும். நாங்கள் கேட்டபோது ஒரு பெரியம்மா, மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்தியதையும், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்களைப் பிறகு மொட்டை மாடியில் காயவைத்ததையும் சொன்னார். மதில் சுவரில் சேற்றுக்கோடு, மின்பெட்டியைப் புதிதாக மேலே ஏற்றி வைத்த தடம், வெளியறையில் பாதிச்சுவர் வரை மட்டும் புதுப் பெயின்ட் ஆகியவையும் சாட்சிகளே.

மனைக்கும் சாலைக்கும் உள்ள மட்ட வேறுபாட்டைக் கொத்தனார் ஒருவர் தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, டியூப் லெவல் வைத்து அரை மணி நேரத்தில் அளந்து சொல்லிவிடுவார். கலங்கல், ஆற்றுக்கரை போன்ற தொலைவான இடங்களுடன் ஒப்பிட சர்வேயரும் கருவியும் வேண்டும். கைப்பேசி காட்டும் உயரத்தை நம்ப வேண்டாம். அதன் பிழை சில மீட்டர் வரை போகும், இங்கே நம் வாழ்வோ ஓர் அடி, இரண்டடியில் இருக்கிறது.

அனுமதி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

"அப்ரூவ்டு மனை, பேங்க் லோன் கிடைக்கும்" என்பது வெள்ளம் வராது என்பதற்கான உறுதி அன்று. வங்கியின் வழக்கறிஞர் உரிமைத் தொடர்ச்சியைப் பார்க்கிறார். மதிப்பீட்டாளர் விலையைப் பார்க்கிறார். மனைப்பிரிவு நீர்நிலைக்கு அருகில் இருந்தால், அனுமதி தருவதற்கு முன் நீர்வளத் துறையின் கருத்து கேட்கப்படும். அந்தக் கடிதத்தில், கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரம் வரை அடுக்கடுக்காக மண் நிரப்பி இறுக்க வேண்டும், வாய்க்காலுக்கு இவ்வளவு அகலம் விட வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் இருக்கும். அந்தக் கடிதத்தின் நகலை விற்பவரிடம் கேட்டு வாங்கி, நிபந்தனைகள் தரையில் நிறைவேறியிருக்கின்றனவா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை, வாங்குவோர் கேட்கவே கேட்காத காகிதம் இதுதான்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாவது முழுமைத் திட்டத்தில் அந்தச் சர்வே எண் எந்த நிலப்பயன்பாட்டில் வருகிறது, நிலத்தடி நீர்ச் செறிவூட்டும் பகுதி, பள்ளிக்கரணைச் சதுப்புப் பகுதி போன்ற சிறப்புக் கட்டுப்பாட்டில் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றிலும் புதிய கட்டுமான அனுமதி இப்போது நீதிமன்றங்களின் கவனத்தில் இருப்பதால், அந்தப் பக்கம் மனை வாங்குவோர் அன்றைய நிலவரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் வந்த விதிகள் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கானவை; நீர்நிலையில் அமைந்த மனைக்கு அந்த வழியும் இல்லை.

மண் நிரப்பினால் போதுமா?

இவ்வளவுக்குப் பிறகும் விலையோ, வேலைக்குப் போகும் தூரமோ, உறவினர் அருகில் இருப்பதோ காரணமாகத் தாழ்வான மனையையே வாங்க வேண்டியிருக்கலாம். அதில் தவறில்லை, ஆனால் மனையின் விலையோடு உயர்த்தும் செலவையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். ஒரு கிரவுண்டை மூன்றடி உயர்த்த 7,200 கன அடி மண் வேண்டும். நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 72 யூனிட். இறுக்கும்போது அமுங்குவதையும் சேர்த்தால் 90 யூனிட் வரை, அதாவது மூன்று யூனிட் டிப்பரில் முப்பது நடை. கட்டட இடிபாட்டைக் கொட்டி மேலே ஓர் அடி செம்மண் பரப்பிக் கணக்குக் காட்டுவதும் நடக்கும். பக்கத்தில் நின்று பார்க்க ஆள் வேண்டும்.

நிரப்பிய மண்ணின் மேல் அஸ்திவாரம் நிற்கக் கூடாது. அதற்குக் கீழே உள்ள இயற்கையான நிலத்துக்குள் இறங்கித்தான் நிற்க வேண்டும். ஆகவே மூன்றடி நிரப்பினால் தூண்களும் மூன்றடி கூடுதலாக இறங்கும். பழைய வயல் பெரும்பாலும் களிமண். மழையில் உப்பி, கோடையில் வெடித்துச் சுருங்கும். மண் பரிசோதனையை வரைபடம் போட்ட பிறகு செய்வதைவிட, விற்பவரிடம் அனுமதி கேட்டுப் பத்திரப் பதிவுக்கு முன்பே செய்துவிடுவது மேல். அடித்தளத்தை மேட்டு நிலத்தில் செய்வதைவிட வேறு மாதிரி அமைக்க வேண்டியிருந்தால், அந்தச் செலவையும் மனை விலையிலேயே கழித்துக் கேட்கலாம்.

நீங்கள் மனையை உயர்த்தினால் அங்கே நின்றிருக்க வேண்டிய தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அவர் உயர்த்தினால் அடுத்த வீட்டுக்கு. இதற்கு நடுவே சாலையும் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவுறுத்தியது. ஆனாலும் வீட்டின் தரைமட்டத்தை இன்றைய சாலையை வைத்து முடிவுசெய்யாமல், கூடுதலாக ஓர் அடியாவது வைத்துக்கொள்வதே நடைமுறை. தண்ணீர்த் தொட்டியின் மூடி தரைக்கு மேலே உயர்ந்திருப்பதும், கழிவுநீர் பின்னோக்கி வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கும் வால்வும், மின்பெட்டி தோள் உயரத்தில் இருப்பதும் சிறிய செலவுகளே. பாரத் கிருக ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீடு 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் வெள்ளமும் அடங்கும். காலி மனைக்கு அது பொருந்தாது.

உறவினர் அந்த மனையை வாங்கவில்லை. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பழைய நத்தத்தை ஒட்டி, பட்டாவில் புன்செய் என்று எழுதியிருந்த முக்கால் கிரவுண்டை வாங்கினார். வாங்குவதற்கு முன் கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்த பிறகு இருவரும் போய்ப் பார்த்தோம். தெருவில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அப்படியிருந்தும் கொத்தனார் சாலையின் நடுவில் டியூப் லெவலைப் பிடித்து, அங்கிருந்து மூன்றடி மேலே சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, தரை இதற்குக் கீழே வரக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.